அப்பாவின் குடல் கட்டியில் பி-ராஃப் திரிபு: எங்களுக்கும் வருமா? கீமோ ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

மணல்மேடு

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 71. வலப்பக்கப் பெருங்குடலின் தொடக்கத்தில் இருந்த கட்டியை, குடலின் அந்தப் பாதியோடு சேர்த்து அண்மையில் அகற்றினார்கள். நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவவில்லை. இரண்டாம் நிலை என்று அறிக்கை சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த மூலக்கூறு அறிக்கைதான் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்துவிட்டது. அதில் உள்ளவற்றை அப்படியே தருகிறேன்.

எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 ஆகிய இரண்டு புரதங்களும் கட்டியின் செல்களில் இல்லை. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் உள்ளன. எம்.எஸ்.ஐ. உயர்நிலை. கே-ராஸ், என்-ராஸ் இரண்டிலும் திரிபு இல்லை. பி-ராஃப் மரபணுவில் வி600ஈ திரிபு உள்ளது.

எனக்கு இரண்டு கேள்விகள். மரபணுவில் கோளாறு என்று எழுதிவிட்டார்களே, அப்படியானால் எனக்கும் என் தம்பிக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும் இது வருமா? இரண்டாவது, இவ்வளவு கோளாறுகளை எழுதிய பிறகும் மருத்துவர் கீமோ தேவையில்லை என்கிறார். வயதாகிவிட்டது என்று கைவிடுகிறார்களோ என்று சித்தப்பா சந்தேகப்படுகிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி

அம்மா, நான் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தந்தையின் கண்ணாடித் தகட்டை நான் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஆனால் நீங்கள் தந்திருக்கும் வரிகள் ஒன்றோடொன்று மிக அழகாகப் பொருந்துகின்றன. ஆகவே ஓரளவு உறுதியாகப் பேச முடியும்.

அறிக்கையில் உள்ள நான்கு புரதங்களும் டி.என்.ஏ. படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை. முதலில், அவை "இல்லை" என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மெழுகுக் கட்டியிலிருந்து சீவிய மெல்லிய திசுவின்மேல், அந்தந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளை ஊற்றிச் சாயம் ஏற்றுவோம். புரதம் இருக்கும் உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லாத உட்கரு வெறும் நீலமாகத் தெரியும். உங்கள் தந்தையின் தகட்டில் கட்டிச் செல்களின் உட்கருக்கள் நீலமாகவும், அவற்றுக்கு நடுவே புகுந்திருக்கும் வெள்ளையணுக்களும் அருகிலுள்ள இயல்பான குடல் செல்களும் பழுப்பாகவும் இருந்திருக்கும். அந்தப் பழுப்பு அங்கே இருந்தால்தான் கட்டியின் நீலத்தை நம்புவோம். இல்லையேல் சாயம் சரியாக ஏறவில்லை என்று தகட்டை ஒதுக்கிவிட்டு மறுபடியும் செய்வோம்.

இதில் உங்கள் முதல் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது. இயல்பான செல்களில் எம்.எல்.எச்.1 இருக்கிறது, கட்டியில் மட்டும் இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துப் பரம்பரை இல்லை என்று சொல்லிவிட முடியாது; பிழைதிருத்தும் மரபணு ஒன்றின் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருக்கும் லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரை நோயிலும் தகடு இப்படித்தான் தோன்றும், ஏனெனில் அவர்களுடைய இயல்பான செல்களில் ஒரு நல்ல பிரதி மிச்சமிருந்து புரதத்தைச் செய்துகொண்டிருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பி-ராஃப் வரிதான். எம்.எல்.எச்.1 இல்லாத கட்டியில் வி600ஈ திரிபும் இருந்தால், அது ஏறத்தாழ எப்போதுமே பிறவியில் வந்ததாக இருக்காது. வாழ்நாளில், அந்தக் குடலின் ஒரு செல்லில் மட்டும் நேர்ந்தது.

இரண்டு புரதங்கள் போய்விட்டனவே என்று அஞ்ச வேண்டாம். பி.எம்.எஸ்.2 தனித்து நிற்காது, எம்.எல்.எச்.1உடன் இணைந்தால்தான் நிலைக்கும். இணை போனதும் அதுவும் சிதைந்துவிடும். அழிந்தது ஒன்றே.

ஏட்டுச்சுரைக்காய்

நான் மருத்துவன் அல்லன்; படிப்பதில் ஆர்வமுள்ள பொறியாளன். ஒரு ஐயம். பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி எங்கே படித்தாலும் ஏ.பி.சி. முதலில், பிறகு கே-ராஸ், இறுதியில் டி.பி.53 என்று ஒரு வரிசையைச் சொல்கிறார்கள். சிறு பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி), பெரிய பாலிப், புற்று என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு மரபணு. இந்த அம்மாவின் அறிக்கையில் அந்த வரிசையே இல்லையே. ஏ.பி.சி. சோதிக்கப்படவே இல்லை; கே-ராஸ் இயல்பு. ஆய்வகம் முக்கியமானதை விட்டுவிட்டதா?

வடகால்

ஆய்வகம் எதையும் விடவில்லை. நான் மூலக்கூறு நோயறிதல் ஆய்வகத்தில் வேலை செய்பவன்; ஏ.பி.சி. பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில் கெட்டுத்தான் இருக்கும் என்றாலும், கட்டியில் அதைக் கண்டுபிடிப்பதால் இன்று மருந்து எதுவும் மாறாது. ஆகவே வழக்கமான சிறு தொகுப்பில் அது இருப்பதில்லை. பிறவித் திரிபைத் தேடும்போது அது வேறு கதை.

நீங்கள் சொல்லும் வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், சிறு பாலிப்பிலிருந்து முற்றிய புற்று வரை பல நிலைகளில் வெட்டியெடுத்த 172 திசு மாதிரிகளை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாலிப் வளர வளர ராஸ் திரிபு கூடுவதையும், 5, 17, 18 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் தொலைந்துபோவதையும் அதில் காட்டினார்கள். 1990இல் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் அதைப் படிக்கட்டு வடிவிலான ஒரு படமாக வரைந்தார்கள். ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கையில் தொலைந்தது ஏ.பி.சி. என்பது 1991இல் தெரியவந்தது. பதினேழின் குறுங்கையில் இருந்தது டி.பி.53, பதினெட்டில் இருந்த முக்கியமான ஒன்று ஸ்மேட்-4.

ஆனால் அந்தக் கட்டுரையிலேயே, வரிசையைவிட மொத்தமாக எத்தனை மாற்றங்கள் சேர்ந்தன என்பதே முக்கியம் என்று எழுதியிருந்தார்கள். படத்தை நினைவில் வைத்தவர்கள் அந்த வரியை மறந்துவிட்டார்கள் என்பது என் கருத்து. 2002இல் ஸ்காட்லாந்தில் 106 கட்டிகளை எடுத்துப் பார்த்தபோது, ஏ.பி.சி., கே-ராஸ், டி.பி.53 மூன்றும் ஒருசேரக் கெட்டிருந்தவை 6.6 விழுக்காடு மட்டுமே. அன்றைய சோதனைகளுக்குச் சில திரிபுகள் தப்பியிருக்கலாம். ஆனாலும் பாடநூல் படத்தை அப்படியே ஒத்த கட்டி விதியல்ல, விலக்கு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஏறத்தாழ 85 விழுக்காடு கட்டிகள் குரோமோசோம் குலைவு வழியில் வருகின்றன. செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல் முழுக் கைகளே தொலைவதும் கூடுவதும் அவற்றில் நடக்கும். 8, 17 ஆகியவற்றின் குறுங்கைகளும் 18இன் நீண்ட கையும் போகும். 7, 13, 20இன் நீண்ட கை ஆகியவை மிகும். மீதமுள்ள 15 விழுக்காட்டில் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கின்றன. அங்கே கெட்டிருப்பது டி.என்.ஏ. படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு. இந்த அம்மாவின் தந்தைக்கு வந்தது இந்த இரண்டாவது வகை.

நம் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்தோ சில எழுத்துகளின் சிறு தொடரோ திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல்லாயிரம் உண்டு. அவற்றை மைக்ரோசாட்டலைட் என்பார்கள். ஒரே எழுத்தைப் பத்து முறை அடுத்தடுத்து எழுத வேண்டிய ஏடெழுதுபவர் ஒன்பதிலோ பதினொன்றிலோ நிறுத்திவிடுவதுபோல, படியெடுக்கும் நொதி அங்கே எண்ணிக்கை தவறும். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 ஆகியவை அதைக் கண்டுபிடித்துத் திருத்தும். அவை இல்லாவிட்டால் பிழை அப்படியே நின்றுவிடும். ஆய்வகத்தில் நாங்கள் பேட்-25, பேட்-26 போன்ற சில இடங்களின் நீளத்தை, அதே நோயாளியின் இயல்பான திசுவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐந்தில் இரண்டு இடங்களிலாவது நீளம் மாறியிருந்தால் எம்.எஸ்.ஐ. (மைக்ரோசாட்டலைட் நிலையின்மை) உயர்நிலை. திரையில் பார்த்தால், இயல்பான திசு ஒரு கூரான முகட்டைக் காட்டும் இடத்தில் கட்டி இடப்பக்கமாகச் சரிந்த முகட்டுக் கூட்டத்தைக் காட்டும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இந்தப் பிழைகள் மரபணுவின் பொருளுள்ள பகுதியில் விழும்போதுதான் ஆபத்து. வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் செய்தியை வாங்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா ஏற்பி ஒன்றின் மரபணுவில் ஏ என்ற எழுத்து பத்து முறை வருகிறது. அதில் ஒன்று குறைந்தால் அதற்குப் பின் வரும் வாசகம் முழுவதும் பொருளற்றுப் போகும். செல் அந்தச் செய்தியைக் கேட்காது.

வடகால்

மேலே ஒன்று விடுபட்டது. எம்.எல்.எச்.1 இங்கே எழுத்து மாறி அழியவில்லை. அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் குவிந்து மரபணுவையே ஊமையாக்கிவிட்டன. எழுத்துகள் அத்தனையும் சரி, ஆனால் படிக்கப்படுவதில்லை.

இது பெரும்பாலும் ரம்பப் பல் போன்ற ஓரமுள்ள தட்டையான பாலிப்பிலிருந்து வருகிறது. அங்கே முதலில் நேர்வது பி-ராஃப் திரிபு: 600ஆம் இடத்தில் ஜி-டி-ஜி என்ற மூன்றெழுத்து ஜி-ஏ-ஜி ஆக மாறி, வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்து உட்காருகிறது. அதோடு அந்தப் புரதம் செல்லை ஓயாமல் பிரியச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகு மரபணுத்தொகை எங்கும் மெத்திலேற்றம் பரவுகிறது. அது ஒருநாள் எம்.எல்.எச்.1ஐத் தொட்டதும் மாற்றங்கள் வேகமெடுக்கின்றன. இந்தப் பாலிப்புகள் வலப்பக்கம் மிகுதி; தட்டையாக, மேலே சளி படிந்து இருப்பதால் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் கண்ணுக்கு எளிதில் தப்பும். எழுபது வயது, வலப்பக்கம், எம்.எல்.எச்.1 இழப்பு, பி-ராஃப்: இதைவிடத் துல்லியமாக ஒரு கட்டி தன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

கார்நெல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கு இடப்பக்கப் பெருங்குடலில் வந்து கல்லீரலுக்குப் பரவிவிட்டது. கே-ராஸில் ஜி12வி திரிபு என்று சொல்லி, செட்டுக்சிமாப் என்ற ஊசியைத் தர மறுத்துவிட்டார்கள். பணம் கட்டத் தயாராக இருந்தும் ஏன் மறுக்கிறார்கள்?

மூன்றாம்ஜாமம்

கார்நெல் அவர்களே, நான் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சியில் இருப்பவன். மறுத்தது சரி; கொடுத்திருந்தால்தான் தவறு.

அந்த மருந்து செல்லின் மேற்பரப்பில் உள்ள ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை அடைக்கிறது. அந்த ஏற்பி உள்ளே செய்தி அனுப்புவது கே-ராஸ் வழியாக. உங்கள் அண்ணனின் கட்டியில் கே-ராஸின் 12ஆம் இடத்தில் ஜி-ஜி-டி என்பது ஜி-டி-டி ஆகிவிட்டது. அந்த ஒரே எழுத்தால் அது மேலிருந்து செய்தி வராமலே தானாக இயங்கிக்கொண்டிருக்கிறது. மேலே அடைத்துப் பயனில்லை. மருந்து 2004இல் அங்கீகாரம் பெற்றபோது இது தெரியாமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். 2008இல் கே-ராஸ் திரிபு உள்ளவர்களுக்குப் பலனே இல்லை என்று தெளிவானது. 2013இல், என்-ராஸ் உள்ளிட்ட மற்ற ராஸ் திரிபுகளுக்கும் இதுவே பொருந்தும் என்றும், சிலருக்கு இந்த வகை மருந்து தீங்கே செய்யக்கூடும் என்றும் தெரிந்தது. ஏறத்தாழ 40 விழுக்காடு பெருங்குடல் கட்டிகளில் கே-ராஸ் மாறியிருக்கும். உங்கள் அண்ணன் தனியானவர் அல்லர்.

ஜி12சி என்ற திரிபுக்கு மட்டும் இப்போது நேரடி மருந்துகள் வந்துள்ளன. பெருங்குடல் கட்டிகளில் அது மூன்று நான்கு விழுக்காடுதான். ஜி12வி அதில் சேராது. உங்கள் மருத்துவர் பெவாசிசுமாப் சேர்த்த கீமோவைப் பற்றிப் பேசியிருப்பார் என்று எண்ணுகிறேன், அதைத் தொடருங்கள். தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

மணல்மேடு

நுண்ணோக்கி ஐயா, வடகால் ஐயா, இருவருக்கும் நன்றி. பலமுறை படித்துப் புரிந்துகொண்டேன். ஆனால் கீமோ பற்றி யாரும் சொல்லவில்லையே. பக்கத்து வீட்டில் இதே இரண்டாம் நிலைக்காரருக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம்ஜாமம்

வயதால் கைவிடவில்லை, அம்மா. உங்கள் தந்தையின் கட்டி எந்த வகை என்று பார்த்துத்தான் அந்த முடிவை எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நிலையில் தரும் கீமோ பெரும்பாலும் 5-ஃபுளூரோயூராசில் அல்லது அதன் மாத்திரை வடிவமான கேபசிட்டபைன். 2003இல் 570 நோயாளிகளின் சேமித்து வைத்த திசுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. மைக்ரோசாட்டலைட் நிலையாக இருந்தவர்களுக்கு இந்த மருந்து ஆயுளைக் கூட்டியது, எம்.எஸ்.ஐ. உயர்நிலைக் கட்டி இருந்தவர்களுக்குக் கூட்டவில்லை. அதேநேரம், மருந்தே எடுக்காதவர்களை மட்டும் ஒப்பிட்டால் எம்.எஸ்.ஐ. உயர்நிலைக்காரர்கள் நெடுநாள் வாழ்ந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளும் இதே பக்கம் சாய்ந்ததால், இரண்டாம் நிலையில் இந்த வகைக் கட்டிக்கு 5-ஃபுளூரோயூராசிலைத் தனியாகத் தருவதில்லை என்பது இன்று உலகெங்கும் வழக்கம்.

ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்த மருந்து டி.என்.ஏ.வில் தவறான எழுத்தைப் புகுத்துகிறது; அதைப் பிழைதிருத்தும் புரதங்கள் கண்டுபிடித்து, திருத்த முடியாமல் தவித்து, செல்லைச் சாகச் சொல்ல வேண்டும். அந்தப் புரதங்களே இல்லாத செல் ஒன்றும் நடவாததுபோல் பிரிந்துகொண்டே போகும்.

மருந்தில்லாமலே இவர்கள் நலமாக இருப்பது ஏன் என்பது இன்னும் சுவையானது. எழுத்து பிசகிய மரபணுக்களிலிருந்து உடல் இதுவரை கண்டிராத புரதத் துண்டுகள் உருவாகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றை அந்நியமாகக் கண்டு வெள்ளையணுக்களை அனுப்புகிறது. நுண்ணோக்கி ஐயா கட்டிச் செல்களுக்கு நடுவே வெள்ளையணுக்கள் என்று போகிறபோக்கில் எழுதியது வெறும் அலங்காரம் இல்லை; இந்த வகைக் கட்டியின் அடையாளமே அதுதான். நோய் பிற்காலத்தில் திரும்பினால் உதவும் மருந்தும் இதே காரணத்தால் கிடைக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் அந்த வெள்ளையணுக்களின் தடையை நீக்கும் மருந்து. பரவிய எம்.எஸ்.ஐ. உயர்நிலைப் பெருங்குடல் புற்றில் அதைக் கீமோவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதம், இதில் 16.5 மாதம்.

அது இப்போது உங்கள் தந்தைக்குத் தேவையில்லை. முறையாக சி.இ.ஏ. என்ற புற்றுக் குறிப்பானுக்கான இரத்தச் சோதனை, சி.டி. ஸ்கேன், ஓராண்டில் ஒரு கொலனோஸ்கோப்பி. பக்கத்து வீட்டுக்காரரின் கட்டி வேறு வகையாக இருந்திருக்கும்.

பனித்துளி

இந்த இழையை ஆரம்பத்திலிருந்தே படித்துவருகிறேன். பரம்பரை இல்லை என்ற விடை கிடைப்பவர்கள் பேறு பெற்றவர்கள். எனக்குக் கிடைத்தது மற்ற விடை.

ஏ.பி.சி. மரபணுவின் ஒரு பிரதி என் உடலின் எல்லாச் செல்களிலும் பிறவியிலேயே கெட்டிருக்கிறது. குடும்ப வழிப் பாலிப் பெருக்க நோய் என்பார்கள், எஃப்.ஏ.பி. என்று சுருக்கம். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள். குடலை எடுக்காவிட்டால் நாற்பது வயதுக்குள் புற்று ஏறத்தாழ உறுதி என்று சொன்னார்கள், இருபதுகளில் எடுத்துவிட்டார்கள். என் தாய்க்கும் தந்தைக்கும் இந்தத் திரிபு இல்லை. இந்த நோயுள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு இப்படித்தான் புதிதாகத் தொடங்குகிறதாம். ஆனால் என்னிடமிருந்து பிள்ளைகளுக்குப் போக வாய்ப்பு சரிபாதி.

எழுத வந்தது இதற்காக: எனக்கு முதல் துப்புக் கொடுத்தவர் கண் மருத்துவர். கண்ணாடிக்காகப் போன இடத்தில், விழித்திரையில் பல கரும்புள்ளிகள் இருக்கின்றனவே, வயிற்றில் ஏதாவது தொல்லை உண்டா என்று கேட்டார். விழித்திரைக்கும் பெருங்குடலுக்கும் என்ன தொடர்பு என்று அன்று வியந்தேன்; இரண்டு இடத்திலும் அதே ஏ.பி.சி. என் மகளுக்குப் பத்து வயது நெருங்குகிறது. இரத்தச் சோதனையில் அவளுக்குத் திரிபு இல்லை என்று வந்துவிட்டது. அவளுக்கு ஆண்டுதோறும் குடல் சோதனை வேண்டாம் என்று அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது. மரபணுச் சோதனை என்றால் கெட்ட செய்தி மட்டும்தான் என்று எண்ணுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஏட்டுச்சுரைக்காய்

பனித்துளி அவர்களே, உங்கள் பதிவுக்கு நன்றி. பிறவியில் வருவது புரிகிறது. பிறவியில் வராத பெரும்பான்மைக்கு முதல் திரிபை எது உண்டாக்குகிறது? உணவு என்கிறார்கள், புகை என்கிறார்கள். 2015இல் வோகல்ஸ்டைனே வெறும் தற்செயல் என்று எழுதியதாகச் செய்தித்தாளில் படித்தேன். எல்லாம் தலையெழுத்து என்றால் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

வடகால்

செய்தித்தாள் தலைப்பைவிட அந்தக் கட்டுரை அடக்கமானது. எந்த உறுப்பில் குருத்தணுக்கள் அதிக முறை பிரிகின்றனவோ அங்கே புற்று மிகுதி என்பதே அதன் சாரம். சிறுகுடலைவிடப் பெருங்குடலில் ஏன் மிகுதி என்பதற்கு அது ஒரு விளக்கம். ஒவ்வொருவருடைய நோயும் தற்செயல் என்று அது சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு இப்போது நேரடியாகவே விடை தேட முடிகிறது, ஏனென்றால் நோயில்லாத குடலையே படித்துப் பார்க்கிறார்கள். பெருங்குடலின் உட்பரப்பு இலட்சக்கணக்கான நுண்குழிகளால் ஆனது. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள் அமர்ந்து புதிய செல்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மேலே வந்தவை சில நாட்களில் உதிர்ந்துவிடும். 2019இல் பிரிட்டனில் இத்தகைய தனித்தனிக் குழிகளை வெட்டியெடுத்து அவற்றின் டி.என்.ஏ.வை முழுதாகப் படித்தார்கள். ஒரு குழியில் ஆண்டுக்குச் சுமார் 40 எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நடுவயதினரின் இயல்பான குழிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் புற்றைத் தூண்டவல்ல திரிபு ஏற்கெனவே இருந்தது. நலமாக உலவும் ஐம்பது வயதுக்காரருக்குள் அப்படிப்பட்ட குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று பொருள். அவற்றில் மிகப்பெரும்பாலானவை எதுவும் ஆவதில்லை. இது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

எது மாற்றியது என்பதும் எழுத்துகளிலேயே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு காரணமும் தனக்கே உரிய வகையில் எழுத்துகளை மாற்றும். குடலில் வாழும் ஈ.கோலி நுண்ணுயிரின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன, அது டி.என்.ஏ.வில் ஏ, டி எழுத்துகள் செறிந்த இடங்களைத் தாக்கும். அதன் தடம் எப்படி இருக்கும் என்பதை 2020இல் ஆய்வகத்தில் வளர்த்த குடல் திசுவில் நிறுவினார்கள். 2025இல் பதினொரு நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளின் மரபணுத்தொகையை ஆராய்ந்தபோது, 40 வயதுக்கு முன் நோய் கண்டவர்களில் அந்தத் தடம், 70க்குப் பின் கண்டவர்களைவிட 3.3 மடங்கு மிகுதியாக இருந்தது. அந்தத் தாக்குதல் குழந்தைப் பருவத்திலேயே நேர்ந்திருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். இளவயதினரிடையே இந்த நோய் பல நாடுகளில் கூடிவருவதற்கு இதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. வலுவான துப்பு, அவ்வளவே. தலையெழுத்து என்று கைகழுவ இது இடம் தரவில்லை என்பதை மட்டும் சொல்லுவேன்.

மணல்மேடு

ஐயா, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இதனோடு தொடர்புடையது என்று முன்பு தோன்றவில்லை. அப்பாவின் உடன்பிறந்த அத்தைக்கு 46 வயதில் கருப்பையில் புற்று வந்து அறுவை செய்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். தாத்தாவின் தங்கை ஒருவரும் வயிற்றில் கட்டி வந்து இளவயதில் இறந்ததாகச் சொல்வார்கள். என்ன கட்டி என்று யாருக்கும் தெரியாது. இது பி-ராஃப் விடையை மாற்றுமா?

நுண்ணோக்கி

உங்கள் தந்தையைப் பற்றிய விடையை மாற்றாது. உங்கள் குடும்பத்தைப் பற்றிய கேள்வியை மாற்றுகிறது. அருமையான செய்தியைச் சொன்னீர்கள்.

அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் அறிஞர் இருந்தார். அவருக்குத் தெரிந்த தையற்காரப் பெண் ஒருவர் 1895இல், தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்ததால் தானும் அப்படியே இளமையில் இறப்பேன் என்று சொன்னார். பின்னர் கருப்பைப் புற்றால்தான் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்ப மரத்தை வரைந்து 1913இல் வெளியிட்டார். பல்லாண்டு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1960களில் நெப்ராஸ்காவில் ஹென்றி லின்ச் இதேபோன்ற குடும்பங்களைக் கண்டெடுத்து, மற்றவர்கள் ஏற்காதபோதும் விடாமல் எழுதிவந்தார். பிழைதிருத்தும் மரபணுக்கள் 1993, 94இல் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் அவர் சொன்னது உண்மை என்று ஆயிற்று. அந்தத் தையற்காரப் பெண்ணின் வழித்தோன்றல்களிடம் எம்.எஸ்.எச்.2 திரிபு இருப்பது 2000இல் உறுதியானது.

குடலும் கருப்பையும் ஒரே குடும்பத்தில் வந்தால் எங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். 50 வயதுக்கு முன் வந்த கருப்பைப் புற்று தன்னளவிலேயே சோதனைக்குப் போதுமான காரணம். எம்.எஸ்.எச்.6 திரிபுள்ள குடும்பங்களில் பெண்களுக்குக் கருப்பைப் புற்றே முன்னதாகத் தலைகாட்டுவதுண்டு.

ஆனால் சோதிக்க வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் தந்தையும் அல்லர், அத்தை. உங்கள் தந்தையின் கட்டி எழுபது வயதில் எவருக்கும் வரக்கூடிய தனிவகை. லின்ச் குடும்பத்தில் பிறந்தவருக்கும் அது தற்செயலாக வரலாம். ஆகவே அவர் கட்டியை வைத்து அத்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குடும்பத்தில் திரிபு இருக்குமானால் அதைச் சுமந்திருக்க வாய்ப்பு மிக அதிகமுள்ளவர் இளவயதில் நோய் கண்டவரே. அவரிடம் திரிபு இருக்கிறது என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் சோதித்தால் போதும். அவரைச் சோதிக்காமல் உங்களைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்தில் திரிபே இல்லையா, இருந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையா என்பது தெரியாமலே போகும்.

மூன்றாம்ஜாமம்

நுண்ணோக்கி ஐயா சொன்னதோடு ஒன்று. அத்தையின் முடிவு எதுவாக இருந்தாலும், நீங்களும் தம்பியும் 40 வயதில் பெருங்குடல் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். பெற்றோருக்கு அறுபதைக் கடந்து வந்திருந்தாலும் பிள்ளைகளுக்கு நாற்பதில் தொடங்கச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள். லின்ச் என்று வந்துவிட்டால் கணக்கே வேறு: இருபதுகளிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி. அந்த நிலையில் ஆஸ்பிரினுக்கும் இடமுண்டு. லின்ச் உள்ள 861 பேருக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில் பெருங்குடல் புற்று கணிசமாகக் குறைந்தது. மருத்துவரைக் கேளாமல் யாரும் நாளையே தொடங்கிவிடாதீர்கள்; வயிற்றில் இரத்தக் கசிவு விளையாட்டல்ல.

மணல்மேடு

அத்தையிடம் பேசினேன். இத்தனை ஆண்டு கழித்து இரத்தம் கொடுத்து எனக்கு ஆகப்போவது என்ன என்று கேட்டார். அவருக்கு இரண்டு மகள்கள், மூத்தவளுக்கு 38. அதைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டார். அறுவை நடந்த மருத்துவமனையில் பழைய மெழுகுக் கட்டி இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது என்ன சோதனை என்று சொல்லிக் கேட்க வேண்டும்?

நுண்ணோக்கி

மெழுகுக் கட்டி கிடைத்தால் முதலில் அதில் நான்கு புரதச் சாயச் சோதனை. எது இல்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும், செலவும் குறைவு. பழைய மெழுகில் சாயம் மங்கலாக ஏறலாம் என்பதால், வெள்ளையணுக்கள் பழுப்பாகத் தெரிந்தனவா என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். மெழுகு கிடைக்காவிட்டால் நேராக இரத்தத்தில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கோடு எப்காம் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து மாற்றங்கள் மட்டுமல்லாமல் பெரிய துண்டுகள் விடுபட்டிருப்பதையும் அந்தச் சோதனை பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்காமின் கடைசிப் பகுதி அறுந்துபோனால் அடுத்திருக்கும் எம்.எஸ்.எச்.2 ஊமையாகிவிடும், வெறும் எழுத்தைப் படிக்கும் சோதனைக்கு அது தெரியாது. தந்தையின் அறிக்கையின் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.